இரண்டாம் எண் முகாமுக்கு ஒரு கிணறு

எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, எல்லையில் கண்ட சண்டையைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் மூன்று முறை தொலைபேசியில் கேட்டார். மூன்று முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். நான் சண்டை பார்த்தவன் அல்ல. துப்பாக்கியை ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சித் திடலில் சுட்டதோடு சரி. நான் பார்த்ததெல்லாம் அரிசி, பருப்பு, உப்பு, விறகு, தண்ணீர். அதையே எழுதுங்கள் என்றார். யாராவது படிப்பார்களா என்று கேட்டேன். சிரித்தார், படிப்பார்கள் என்று சொல்லவில்லை.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவர் அல்ல. போன மாதம் இலஞ்சிக்கார இளம் கேப்டன் ஒருவர், பல நாட்டு அமைதிப் படையில் சேர்ந்து வெளிநாடு போகுமுன் என்னைப் பார்க்க வந்தார். இப்போதெல்லாம் வானத்திலிருந்து எடுத்த படத்திலேயே வீடு, வண்டி, கிணறு எல்லாவற்றையும் எண்ணிவிடலாம், யாரும் ஊருக்குள் நடக்கவே வேண்டாம் என்றார். நல்லதுதான் என்றேன். அவர் போன பிறகு அந்த ‘நல்லதுதான்’ என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

என் படிப்பு தென்காசியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை. கணக்கில் நல்ல மதிப்பெண் என்பதால் ராணுவத்தில் வழங்கல் பிரிவில் போட்டார்கள். எழுபத்தொன்றில் கிழக்கு எல்லையில் அகதி முகாம்களுக்கு அரிசி அனுப்பும் வேலை. அங்கே ஒன்று கற்றுக்கொண்டேன்: அரிசி எப்படியாவது வந்துவிடும், விறகு வராது. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பசியோடு இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு என் எந்தப் பட்டியலிலும் விறகு முதல் வரியில்தான் வரும். பார்க்கிற அதிகாரிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எண்பதுகளில் சுபேதாராக, மலைமேல் இருந்த ஒரு பயிற்சிக் கல்லூரிக்கு மாற்றினார்கள். நம் நாட்டு அதிகாரிகளோடு வெளிநாட்டு அதிகாரிகளும் அங்கே வந்து படிப்பார்கள். அங்கே எனக்கு மேலதிகாரி கர்னல் பட்வர்தன். பூனாக்காரர். குரலை உயர்த்த மாட்டார். மேசையில் எப்போதும் ஆறு பென்சில்: சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு, கருப்பு இரண்டு. பேசுமுன் ஒன்றை எடுத்துச் சீவுவார். சீவி முடியும்வரை நாம் நிற்க வேண்டும். நான் கொடுக்கும் தாளில் ஏதாவது சரியில்லை என்றால் தப்பு என்று சொல்ல மாட்டார். அந்த எண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுப்பார். புள்ளி எதற்கு என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டுபோனால் புள்ளியை அவரே ரப்பரால் அழிப்பார். பாராட்டு என்றால் அதுதான்.

ஓர் ஆண்டு பிப்ரவரியில், கடைசிப் பயிற்சியைக் குற்றாலத்தில் வைப்பது என்று முடிவாயிற்று. சீசன் இல்லாத காலம், விடுதிகள் காலி. அருவி ஈரத்துணியைப் பிழிந்தது போல ஒழுகிக்கொண்டிருந்தது. எண்ணெய் தேய்ப்பவர்களின் பெஞ்சுகளில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. ஒரு பழைய பங்களாவை எடுத்து, அதன் கூடத்தில் சிற்றாற்று மணலைக் கொட்டி, தென்காசி வட்டாரம் முழுவதையும் மாதிரியாகச் செய்தோம். மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றினால் வயல். நீல ரிப்பன் ஆறு. பஞ்சை நீளமாக இழுத்து ஒட்டினால் அருவி. நிஜ அருவியைவிட அதில் தண்ணீர் அதிகம் இருந்தது.

பயிற்சியின் கற்பனை இதுதான். சிற்றாற்றுக்கு வடக்கே ஒரு நாடு, தெற்கே ஒரு நாடு. இரண்டும் சண்டையிட்டு ஓய்ந்திருக்கின்றன. பல நாட்டுப் படை ஒன்று நடுவில் நின்று அமைதி காக்க வேண்டும். வீடிழந்து வருகிறவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கூரையும் தர வேண்டும். குற்றாலம் தலைமையகம். தென்காசி ரயில் நிலையத்தில் சரக்கு இறங்கும். பாவூர்சத்திரத்தில் காய்கறி வாங்க வேண்டும். என் வீடு எந்த நாட்டில் வருகிறது என்று முதல் நாளே வரைபடத்தைப் பார்த்தேன். இலஞ்சி எந்த நாட்டிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, யாரும் இருக்கக் கூடாத இடைவெளிப் பகுதி என்று கோடு போட்டு வைத்திருந்தார்கள். அதில்தான் என் மனைவி பகவதி இருந்தாள்.

திட்டம் போடுவது எப்படி என்று மலர் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதலில் ஆள் கணக்கு. பிறகு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு என்ன என்ற கணக்கு. அதைப் பெருக்கி எடையாக்கி, எடையை லாரியாக்கி, லாரியைச் சாலையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். படைக்குத் தனிப் பட்டியல். நேபாளக்காரருக்குச் சோறும் பருப்பும் இருந்தால் போதும். மலேசியாக்காரருக்குப் பன்றி கூடாது. நம்மவருக்கு மாடு கூடாது. கானாவிலிருந்து வந்த மேஜர் ஒவுசுவுக்குச் சப்பாத்தி இறங்காது. ஒரே சமையலறையில் இத்தனையும் வேக வேண்டும். இவற்றையெல்லாம் அட்டவணை போட்டு, முதல் வரியில் விறகு எழுதி, கர்னலிடம் கொடுத்தேன். புள்ளி விழவில்லை.

“நன்று. ஆனால் இதெல்லாம் நம்முடைய தேவை. அந்த இடத்தில் என்ன இருக்கிறது? போய் எண்ணிக்கொண்டு வாருங்கள்” என்றார். கிணறு, பள்ளிக்கூடம், அரிசி ஆலை, வண்டி, மாடு. எண்ணியதை மறுபடி எண்ணாமல் இருக்க ஒவ்வொன்றிலும் நீலச் சாக்பீஸால் எண் எழுதி வட்டம் போட வேண்டும் என்பது விதி. பயிற்சித் தாள்கள் எல்லாம் ரகசிய முத்திரை குத்தியவை. படித்தால் நிஜச் சண்டை என்று தோன்றும் என்பதால் அப்படி. ஆகவே ஊராரிடம் காரணம் சொல்லக் கூடாது. இதுவும் விதி.

பாவூர்சத்திரம் சந்தையில் லாரிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். கத்தரிக்காய் வியாபாரி ஒருவர், “என்ன அண்ணாச்சி, காலையில இருந்து நின்னு எண்ணுதீயளே, கத்தரிக்காய அரெஸ்ட் பண்ணப் போறீயளா?” என்று கேட்டார்.

“இல்ல, வெண்டைக்காயத்தான் தேடுதோம்” என்றேன்.

“அப்பம் அந்தக் கடைசிக் கடைக்குப் போங்க. அவன்தான் முத்தல வச்சி ஊர ஏமாத்துதான்.”

மூட்டை தூக்குபவர்கள் சிரித்தார்கள். சந்தையில் நாள் முழுக்க யாராவது எதையாவது எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருவன் கூடுதலாக எண்ணியது யாரையும் உறுத்தவில்லை. அச்சன்புதூர் அப்படி இல்லை.

அச்சன்புதூர் என் மனைவியின் ஊர். நான் போனபோது அவளுடைய அண்ணன் சங்கரபாண்டி களத்தில் நெல் அளந்துகொண்டிருந்தார். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்திருந்தது. எங்கள் பக்கம் முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்லி அளக்க மாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள், அதன் பிறகுதான் ரெண்டு, மூணு. அளக்கும்போது குறுக்கே பேசக் கூடாது. அளந்து முடித்ததை வெளியே சொல்லவும் கூடாது. அவர் முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“மச்சான், மாடு எத்தனை நிக்கி?”

“மாடா? கெடக்கு.”

“எத்தனை?”

“ஆண்டவன் குடுத்தது கெடக்கு மாப்பிள்ளை. எண்ணினா தங்குமா?”

தொழுவத்துக்குள் போய் நானே எண்ணி, தொட்டியில் வட்டம் போட்டேன். பிறகு ரோட்டை ஒட்டி மேட்டில் இருந்த அவர் வயலுக்குக் கூட்டிப்போனார். அங்கே கிணறு வெட்டு நடந்துகொண்டிருந்தது. இரண்டு ஆள் ஆழம் போயிருந்தது. செம்மண் முடிந்து சரளை வந்திருந்தது. கைப்பிடி சரளையை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். குளிர்ந்திருந்தது.

“பாத்தியளா, ஈரம். இன்னும் ஒரு ஆள் ஆழம் போனா ஊத்து வந்துரும். சுத்தித் தென்னை வைக்கப் போறேன். எங்க அப்பன் குளத்து மடையையே பாத்துக்கிட்டுச் செத்தான். நான் அப்படிச் சாவ மாட்டேன் மாப்பிள்ளை.”

வரப்புக் கல்லில் நாற்பத்தொன்று என்று எழுதி வட்டம் போட்டேன்.

“அது என்ன நாப்பத்தொண்ணு?”

“கிணத்துக் கணக்கு.”

“யாருக்கு?”

“அது சொல்லப்புடாது மச்சான்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார். தாளில் ‘கிணறு ஒன்று, வெட்டப்படுகிறது’ என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

சில நாட்களில் அந்த ஊர் டீக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. பிறகு தெரிந்துகொண்ட பேச்சு இது: ஜீப்பில் கறுப்பாக உயரமாக ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து நிலத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். கூட வருகிற நம்ம ஊர் மருமகன் நம்பர் போடுகிறான். துப்பாக்கி சுடுகிற திடலுக்கு மிலிட்டரி நிலம் எடுக்கப் போகிறது. தலையாரியைக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் உண்மையைச் சொன்னார். அது போதும், பேச்சு உறுதியாகிவிட்டது.

ஞாயிறு மதியம் மட்டும் இலஞ்சி வீட்டுக்குப் போக அனுமதி. பகவதி இலை போட்டாள்.

“எங்கண்ணன் கெணத்த நிறுத்திட்டான். வெட்டுக்காரங்களைத் திருப்பி அனுப்பிட்டான்.”

“எதுக்கு?”

“எடுத்துக்கிடப் போற நெலத்துல எவனாவது கெணறு வெட்டுவானா? நீங்கதான நம்பர் போட்டீய.”

“சாக்பீஸ்தான. தண்ணியத் தொட்டு அழிச்சிரச் சொல்லு.”

“அழிச்சா கேஸ் போட்டுருவாவளோன்னு பயந்துக்கிட்டு, மழை படாம அதுமேல ஓலைய மூடி வச்சிருக்கான்.” சோற்றை வைத்தாள். “என்னத்துக்குன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“சொல்லப்புடாது பகவதி.”

“எங்கிட்டயுமா?”

நான் குழம்புக்குச் சோற்றில் குழி செய்தேன். குழம்புச் சட்டியை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானே ஊற்றிச் சாப்பிட்டேன். புறப்படும்போது அவள் வெளியே வரவில்லை. குற்றாலத்துக்கு நடந்தே திரும்பினேன்; அதிக தூரம் இல்லை. என் ஊரிலிருந்து என் ஊர்ப்பக்கத்துக்கே நடந்துபோகும்போது, அசாமில் இருந்த காலத்தைவிட வீடு தொலைவாகத் தெரிந்தது.

மறுநாள் கர்னல்முன் நின்றேன். விஷயத்தைச் சொல்லி, ஊராரிடம் காரணம் சொல்ல அனுமதி கேட்டேன். அவர் நீலப் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். முடிந்ததும் அதை வைத்தார். சிவப்பை எடுத்தார். அதையும் சீவினார். பிறகு மேஜர் ஒவுசுவைக் கூப்பிட்டுவரச் சொன்னார். வந்தவர்களில் நிஜமாகவே அமைதிப் படையில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒவுசு கதவருகே நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். “நாங்கள் ஒரு நாட்டுக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டி வைக்க ஒரு மரத்தடியை அளந்தோம். காலையில் பார்த்தால் ஊரே காலி. அங்கே அளந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களுக்குப் பழைய அனுபவம் இருந்தது. தொட்டி நிறையத் தண்ணீரோடு நாங்கள் மட்டும் நின்றோம்” என்றார்.

கர்னல் பென்சிலைக் கீழே வைத்தார். “ரகசியம் தாள்களுக்குத்தான். மாதிரிக்கு முத்திரை குத்தவில்லை. அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்” என்றார்.

புதன்கிழமை அச்சன்புதூரிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். சங்கரபாண்டி கடைசியாக வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலில் சுற்றுவது போல மணல் மாதிரியைச் சுற்றினார்கள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“ஏலே, இங்கன பாரு, நம்ம குளம்லா!”

“மடையக்கூட வச்சிருக்கானுவ.”

“உன் வீட்டக் காணுமே வே.”

“என் வீடு மணல்ல நின்னா தெரியுமாக்கும்? நெசத்துலயே தெரியாது.”

சிரித்தார்கள். காபி கொடுத்தோம். அப்போது ஒரு பெரியவர் குனிந்து, “இது என்னது, வெள்ளை வெள்ளையா, கொக்கா?” என்று கேட்டார்.

“கூடாரம்” என்றேன்.

கூடாரங்கள் ரோட்டை ஒட்டிய மேட்டு வயலில் வரிசையாக நின்றன. இரண்டாம் எண் முகாம். யாருடைய வயல் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் காபியைக் குடிக்கவில்லை.

கர்னல் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். இது பாடம் படிப்பதற்காகச் செய்த கற்பனை. யாரும் வரப்போவதில்லை. ஒரு சாண் நிலம்கூட எடுக்கப்போவதில்லை.

சங்கரபாண்டி என்னைப் பார்க்காமல் கர்னலைப் பார்த்தே பேசினார். “கற்பனைன்னா எதுக்கு எங்க வயலு? அவுக ஊர்ல வயலே இல்லையா? அத வச்சிக் கற்பனை பண்ணலாம்லா?”

இதை மொழிபெயர்த்தேன். ஒவுசு மணல்மேல் குனிந்தார். அந்தப் பெரிய விரல்களால் கூடாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டார். வயல் வெறும் பச்சையாயிற்று.

“நல்ல மனுசன்” என்றார் பெரியவர்.

“இப்பம் எடுத்துட்டாரு” என்றார் சங்கரபாண்டி. “நாம போன பொறவு திரும்ப வப்பாரு.”

அவர்கள் போன பிறகு கர்னல் என்னிடம், “வேறு இடம் பாருங்கள் சுபேதார் சாப்” என்றார். பார்த்தேன். நாலாயிரம் பேருக்கு இடம் வேண்டும். குளத்துக்குக் கீழே இருந்த திடல் மழையில் மூழ்கும். வடக்கே இருந்த பொட்டலுக்கு லாரி போகாது. பள்ளிக்கூட மைதானம் சிறியது. புளியந்தோப்பு இருந்தது, பக்கத்தில் சுடுகாடு. எல்லாவற்றையும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். மேடு, ரோடு, தண்ணீர் மூன்றும் சேர்ந்து வந்த இடம் ஒன்றுதான். சங்கரபாண்டியின் வயல் வேண்டாம் என்று என்னைவிட விரும்பியவர் அங்கே யாரும் இல்லை. ஆனால் கணக்கு அப்படி வந்தது. அதை மாற்றி எழுதினால் அது திட்டம் ஆகாது.

“தண்ணீர்?” என்று கர்னல் கேட்டார்.

“அங்கே ஒரு கிணறு சார். வெட்டிக்கொண்டிருந்தார்கள்.”

“இருந்தார்களா?”

“நிறுத்திவிட்டார்கள் சார். நாம் எண்ணியதால்.”

முகாம் அங்கே வருவதற்குக் காரணம் கிணறு. கிணறு நின்றதற்குக் காரணம் முகாம். இருவருமே இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ‘பயிற்சி நாளில் கிணறு முடிந்திருக்கும் எனக் கொள்க’ என்று போடலாமா என்று கேட்டேன். அப்படிக் கொள்வது பயிற்சிகளில் வழக்கம்தான். போடுங்கள் என்றார். ‘தண்ணீர்: கிணறு ஒன்று, போதுமானது’ என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, கருப்புப் பென்சிலால் அதன் கீழே ஒரு புள்ளி வைத்தார். எப்போதும் போலத் திருப்பிக் கொடுக்கவில்லை. அப்படியே கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

ஒவுசு சட்டைப் பையிலிருந்த கூடாரங்களை என் கையில் கொட்டினார். அவற்றை நான்தான் திரும்ப நட்டேன்.

பயிற்சி நன்றாக முடிந்தது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கர்னல் திட்டத்தில் ஒரு புதிய பத்தி சேர்த்தார்: எதையும் எண்ணுமுன், எதை எண்ணுகிறோம், எதற்கு என்று ஊராருக்கு முதலில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வந்த எல்லா வகுப்புகளிலும் அந்தப் பத்தி பாடமாக இருந்தது. எத்தனை நாட்டு அதிகாரிகள் அதைப் படித்துக்கொண்டு போனார்கள் என்று கணக்கு வைத்திருந்தேன். நல்ல பத்தி. அச்சன்புதூருக்குத்தான் அது பிந்திவிட்டது.

ஓய்வு பெற்று வந்தபோது அந்தக் குழி அப்படியே இருந்தது. ஒவ்வொரு ஆண்டும், வெட்டுங்கள் மச்சான் என்று சொல்வேன். “நீங்க நல்லவுக மாப்பிள்ளை. ஒங்கள வச்சி எண்ணினாவ. எடுக்கதுக்கு வேற ஆள அனுப்புவாவ” என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். மழை வரும் என்று சொல்வது போலச் சொல்வார். குளம் நிறைந்த ஆண்டில் நெல். நிறையாத ஆண்டில் தரிசு. சுற்றியிருந்த வயல்களில் கிணறும் தென்னையும் வந்தன. சுற்றிலும் பச்சை, நடுவில் அவர் வயல் மட்டும் எதற்கோ காத்திருப்பது போல இருக்கும். பகவதியிடம் பிற்பாடு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்லா” என்றாள். அவள் போய்ப் பல ஆண்டு ஆகிறது. மகள் பூனாவில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் சங்கரபாண்டி பஸ் ஏறி இலஞ்சிக்கு வருவார். இருவரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். அந்தப் பேச்சு வராது. வேறு பேச்சும் அதிகம் இருக்காது. ஆனாலும் வியாழக்கிழமையே இரண்டாவது நாற்காலியைத் துடைத்து வைப்பேன்.

போன ஐப்பசியில் அவரைத் தென்காசி மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அவர் பையன்கள் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். கட்டிலருகில் நான் மட்டும் இருந்தேன். வெளியே நல்ல மழை.

“அந்தக் கூடாரத்தப் பைக்குள்ள போட்டாரே, அவரு இருக்காரா?” என்று கேட்டார்.

“தெரியல மச்சான்.”

“அவுக வரவே மாட்டாவளோ?”

“வரமாட்டாங்க மச்சான். அன்னைக்கும் வரப்போறதில்ல. இன்னைக்கும் இல்ல.”

ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார்.

“அப்பம் வெட்டியிருக்கலாமோ?”

நான் போர்வையைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அவருடைய காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் அந்த வயலுக்குப் போனேன். குழியைச் சுற்றி முள் அடைந்திருந்தது. உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி, அதில் இரண்டு கொக்குகள் நின்றன. வரப்புக் கல்லில் எழுத்து ஒன்றும் இல்லை. எந்தக் கல் என்று எனக்குத் தெரியும். அந்தக் கல்லூரியின் பீரோ ஒன்றில், கறையான் அரிக்காமல் இருந்தால், என் கையெழுத்தில் அந்தத் தாள் இன்னும் இருக்கும். இரண்டாம் எண் முகாம், நாலாயிரம் பேர். தண்ணீர்: கிணறு ஒன்று, போதுமானது. கீழே யாரும் அழிக்காத ஒரு புள்ளி.